பச்சை விளிம்பு, சாம்பல் கோடு

வெளிவிளிம்பு பச்சையென்றால் முந்நூற்றுப் பதினாறு எஃகு.
சாம்பல் கோடு போட்டிருந்தால் உள்ளே கிராஃபைட்.
வெள்ளைக் கோடு டெஃப்லான், இந்தச் சூட்டுக்கு ஆகாது, தொடாதே.
ருவைஸில் இறங்கிய முதல் வாரம்
நான் எழுத்துக்கூட்டிப் படித்தது இவ்வளவுதான்.

எஃகுநாடா ஒரு சுற்று, கரிநாடா ஒரு சுற்று,
மறுபடி எஃகு, மறுபடி கரி.
கொசுவர்த்தியை இரும்பில் செய்தாற்போல் ஒரு கேஸ்கெட்.
இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவே போய் உட்கார்ந்தால்
அடுத்த ஷட்டவுனில்தான் வெளிச்சம் பார்க்கும்.
அன்றே குப்பைக்கும் போகும்.
வரும்போது நாலரை மில்லி கனம்,
இறுக்கி முடிக்கையில் மூன்றேகால்.
நடுவே போன ஒன்றேகால் மில்லிக்குத்தான்
எங்களுக்குச் சம்பளம்.

பிப்ரவரி. ஷட்டவுனின் பதினெட்டாம் இரவு.
கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறி
பைப் ராக்கின் கால்களைத் தின்றுவிட்டது.
பக்கத்து யூனிட் ஃபிளேர்
கம்பமில்லாமல் அந்தரத்தில் எரிந்தது.

எட்டு அங்குல லைன், பன்னிரண்டு ஸ்டட்.
ஷேர் ஆலம் டார்க் ரெஞ்சோடு குனிந்திருக்க
கோபிலால் வரிசை சொல்கிறான்.
அவன் சொல்வது இந்தியில், என் காதில் விழுவது தமிழில்:
ஒன்று ஏழு நான்கு பத்து
இரண்டு எட்டு ஐந்து பதினொன்று
மூன்று ஒன்பது ஆறு பன்னிரண்டு.
அடுத்தடுத்து இறுக்கினால் ஒரு பக்கம் நசுங்கும்,
எதிரெதிரே போகவேண்டும்.
தூக்கத்திலும் இதையேதான் உளறுவான் என்று
கேம்ப்பில் மேல்கட்டில்காரன் சத்தியம் செய்வான்.
மேல்கட்டில்காரன் நான்தான்.

முப்பது சதவீதத்தில் ஒரு சுற்று. அறுபதில் ஒரு சுற்று.
நூறுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் டான்டே வந்தான்.
இடுக்கில் கேஜை மேலே விட்டான், கீழே விட்டான்,
மறுபடி மேலே விட்டான்.
"ஓப்பன்" என்றான், கொட்டாவியோடு.

கழற்றினோம்.
குரூஸ் சார் ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளினார்.
"எண்ணெய் ஒரு சொட்டு பட்டிருக்கா இதுமேல?
புதுசுடா. துடைச்சு மாட்டு.
ஆறு மணிக்கு லைன் குடுக்கணும்."

புதுசுதான். பார்த்தால் புதுசுதான்.
ஒரு பக்கம் மட்டும் அரை மில்லி ஒடுங்கியிருந்தது,
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.
நசுங்கிய கரி திரும்ப எழாது.
இது அவருக்கும் தெரியும்.
ஃபிட்டராய் இருந்தவர், இடது மணிக்கட்டில்
என்றோ நீராவி தடவிய பளபளப்பு இன்னும் இருக்கிறது.

எதிர்த்துப் பேச எனக்கு வராது.
விசா புதுப்பிக்கிற மாதம் வேறு.
பையிலிருந்து குறடை எடுத்தேன்.
நாடாவின் முனையில் மூன்று புள்ளி வெல்டிங்,
ஒவ்வொன்றாய்க் கிள்ளிவிட்டு இழுத்தேன்.

கிர்ரென்று பிரிந்தது.
எஃகு ஒரு பக்கம் துள்ள, கரி செதில் செதிலாய் உதிர்ந்து
மடியெல்லாம் கறுப்பு.
"கைதவறிப் போச்சு சார்."

என்னைப் பார்த்தார், குறடைப் பார்த்தார்.
ரேடியோவை எடுத்தார்.
"குஞ்ஞுமோனே, எட்டிஞ்சு, முந்நூறு கிளாஸ், ஒண்ணு அனுப்பு.
கையெழுத்து நான் போடறேன்."
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
விசா அடித்து வந்த அன்றும் சொல்லவில்லை.

கேரியரில் பலகையோடு கட்டிய புது வளையம்
பனிக்குள் சைக்கிள் மணியடித்துக்கொண்டு வந்தது.
மறுபடி ஒன்று ஏழு நான்கு பத்து.
கோபிலாலுக்குத் தொண்டை கட்டிவிட்டது,
பாதிக்கு மேல் விரலால் காட்டினான்.

ஐந்தேமுக்காலுக்கு நைட்ரஜன் ஏற்றி
சோப்புத் தண்ணீர் தெளித்து
ஐந்து பேர் குனிந்து நின்றோம்,
ஒரு குமிழி வரக்கூடாதென்று.
வரவில்லை.
டான்டே டேக்கில் ஒரு கோடு கிழித்துவிட்டு
டீ குடிக்கப் போனான்.

பஸ் வரும்வரை வேலையில்லை.
பிரித்த நாடாவின் ஒரு முனையை என்னை மிதிக்கச் சொல்லி
மறுமுனையோடு கோபிலால் நடந்தான்,
பனிக்குள் ஆள் மறைந்து குரல் மட்டும் வந்தது.
பதினாலு... பதினைஞ்சு... பதினாறு அடி வச்சாச்சு, இன்னும் இருக்கு!
எதற்கு அளக்கிறான் என்று நான் கேட்கவில்லை.
காலை எடுத்தேன்.
மணலில் கிறீச்சிட்டு, சுருண்டு சுருண்டு,
அவனைத் தேடிப் போயிற்று.